காலைச் சாப்பாட்டில் தொடங்கிய பள்ளி

1959இல் ஹ்யூயி நியூட்டன் ஓக்லாந்து நகரில் உயர்நிலைப் பள்ளியை முடித்து வெளியே வந்தபோது, ஒரு பக்கத்தைச் சரளமாக வாசிக்க அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கையில் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டது. பிற்பாடு பிளேட்டோவின் 'குடியரசு' நூலை விடாப்பிடியாகப் புரட்டித்தான் தானாக வாசிக்கக் கற்றதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கலிஃபோர்னியாவின் அந்தத் துறைமுக நகரத்துக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் வேலைக்கென்று லூசியானா, டெக்சாஸ் பக்கமிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வந்து இறங்கின. போர் முடிந்ததும் வேலை போயிற்று. குடும்பங்கள் அங்கேயே தங்கின. அவர்களின் பிள்ளைகளைப் பெயருக்கு ஏற்றுக்கொண்ட வகுப்பறைகளில் ஒன்றிலிருந்துதான் நியூட்டனும் வந்தார்.

1966 அக்டோபரில் அவரும் பாபி சீலும் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்கி, பத்து அம்சத் திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். ஐந்தாவது அம்சம் கல்வி. தோல் ஜாக்கெட்டும் துப்பாக்கியுமாக அவர்கள் நின்ற படங்களைத்தான் உலகம் பார்த்தது. ஆனால் பின்னாளில் அவர்கள் நடத்திய பள்ளிக்கு வித்து விழுந்தது என்னவோ தேவாலயத்துச் சாப்பாட்டு மேசையில்.

1969 ஜனவரியில் ஓக்லாந்தின் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் காலை உணவு போட ஆரம்பித்தார்கள். வெறும் வயிற்றோடு போகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைக் கண்டறிய ஆராய்ச்சி ஒன்றும் தேவைப்படவில்லை. சில மாதங்களிலேயே வேறு பல நகரங்களிலும் பந்தி விரிந்தது. எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவருக்குத் துப்பாக்கியைவிட இந்தத் தட்டுதான் அதிகம் உறுத்தியது. கட்சியை ஒடுக்கும் முயற்சிக்குப் பெரிய இடைஞ்சலே இதுதான் என்று அதே ஆண்டு குறிப்பு அனுப்பினார். சாப்பிட வந்த பிள்ளைகளிடம் கதையும் வரலாறும் பேசத் தொடங்கியதில் அந்தக் கோடையில் 'விடுதலைப் பள்ளிகள்' முளைத்தன.

முழுநேரப் பள்ளி 1971இல் வந்தது. காரணம் கொள்கை மட்டுமில்லை. கட்சிக்காரர்களின் பிள்ளைகள் என்று தெரிந்தாலே வழக்கமான பள்ளிகளில் தொல்லை. ஏறத்தாழ 28 பிள்ளைகளோடு ஒரு வீட்டுப் பள்ளி மாதிரிதான் ஆரம்பம். 1973இல் கிழக்கு ஓக்லாந்தின் ஈஸ்ட் 14ஆம் தெருவில் பெரிய கட்டடம் கிடைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்த பிறகுதான் அதை ஊர்ப்பள்ளி என்று சொல்ல முடியும். ஓக்லாந்து கம்யூனிட்டி ஸ்கூல் என்ற பெயரும் அதையொட்டி வந்ததே. எண்ணிக்கை 150ஐ ஒட்டிப் போனது. இடம் கேட்டு வரிசையில் காத்திருந்தவர்கள் தனி.

கட்டணம் கிடையாது. மூன்று வேளையும் சாப்பாடு. வயதை வைத்து வகுப்புப் பிரிக்காமல், எந்தப் பாடத்தில் எந்த அளவுக்கு வருகிறதோ அந்தக் குழுவில் உட்கார வைத்தார்கள். கணக்கில் கெட்டிக்காரியான எட்டு வயதுப் பெண் பெரிய பிள்ளைகளோடு கணக்குப் போடலாம். வாசிப்புக்குச் சின்னக் குழுவுக்குத் திரும்பலாம். தப்புச் செய்த பிள்ளையை ஆசிரியர் அடிக்கவோ வெளியே அனுப்பவோ இல்லை. பிள்ளைகளே ஒரு குழுவாக உட்கார்ந்து, ஏன் செய்தாய், இதை எப்படிச் சரிசெய்வாய் என்று விசாரித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் தியானம்.

புரட்சிக் கட்சிப் பள்ளியில் தியானம் எங்கிருந்து வந்தது? 1973 முதல் 1981 வரை பள்ளியை நடத்திய எரிக்கா ஹக்கின்ஸ் மூலமாக. கணவர் ஜான் 1969இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் கைக்குழந்தைக்காரி. அதே ஆண்டு கைதாகி, வழக்கு தள்ளுபடியாகும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். சித்தம் கலங்காமல் இருக்க அங்கே பழகியதைத்தான் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். என் பார்வையில் அந்தப் பள்ளியின் உண்மையான சிற்பி அவர்தான், நியூட்டன் இல்லை.

1977இல் மாநிலச் சட்டமன்றமே பள்ளியைப் பாராட்டி விருது கொடுத்தது. ஐந்தே ஆண்டில், 1982இல், பள்ளி மூடப்பட்டது. கட்சி அதற்குள் உதிர்ந்துவிட்டது. பள்ளிக்கு வந்த அரசுப் பணத்தில் கையாடல் என்று நியூட்டன் மீது வழக்கு எழுந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கேள்வி கேட்க முறை வைத்திருந்த இடத்தில், தலைவரைக் கேட்க உரிய முறை இருந்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கென்று வந்த 15,000 டாலர் காசோலையைச் சொந்தச் செலவுக்கு மாற்றிய குற்றச்சாட்டை 1989இல் நியூட்டன் எதிர்த்து வாதாடவில்லை. ஆறு மாதச் சிறை விதித்தார்கள்.