தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை என்பது தமிழ்நாட்டிலுள்ள பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு, மேல்நிலைப் பள்ளித் தேர்வு மதிப்பெண்களின் அடிப்படையில் மாணவர்களைத் தெரிவு செய்யும் ஒற்றைச் சாளர முறை ஆகும். பேச்சு வழக்கில் இது பொறியியல் கலந்தாய்வு அல்லது கவுன்சலிங் எனப்படுகிறது. ஒரே விண்ணப்பத்தின் மூலம் அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகள், அரசு கல்லூரிகள், அரசு உதவிபெறும் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகள் ஆகிய அனைத்திற்கும் போட்டியிட இது வழி செய்கிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியன இதில் அடங்கா.

வரலாறு

தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு 1984இல் அறிமுகமானது. பல ஆண்டுகள் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணும் சேர்த்துக் கணக்கிடப்பட்டன. பயிற்சி மையங்கள் நகரங்களிலேயே மிகுந்திருந்தமையால் கிராமப்புற மாணவர்கள் பின்தங்கினர் என்ற கருத்து வலுப்பெற்றது. 2006இல் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைக்கப்பட்ட குழு நுழைவுத் தேர்வைக் கைவிடப் பரிந்துரைத்தது. அதனடிப்படையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2007-08 கல்வியாண்டு முதல் பள்ளித் தேர்வு மதிப்பெண்கள் மட்டுமே கருத்தில் கொள்ளப்படுகின்றன.

1990களின் பிற்பகுதி முதல் 2018 வரை கலந்தாய்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. அக்காலத்தில் மாணவர்கள் பெற்றோருடன் சென்னைக்கு நேரில் வந்து, திரையில் காட்டப்படும் காலியிடங்களைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தனர். 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாற்றப்பட்டது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதனை நடத்துகிறது.

தரவரிசை மதிப்பெண்

தரவரிசைக்கான மதிப்பெண் (கட்-ஆஃப்) 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கும் மாற்றப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, நூற்றுக்குக் கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 90 பெற்ற ஒருவரின் தரவரிசை மதிப்பெண் 92 + 42 + 45 = 179 ஆகும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் ஒரு மதிப்பெண் குறையும். ஏனைய இரு பாடங்களில் அரை மதிப்பெண்ணே குறையும்.

இருவர் ஒரே மதிப்பெண் பெற்றிருப்பின் முதலில் கணிதமும், அடுத்து இயற்பியலும் ஒப்பிடப்படும். பிற மதிப்பெண்களும் பிறந்த நாளும் சமமாக இருந்தால் மட்டுமே சமவாய்ப்பு எண் பயன்படுத்தப்படும்.

இட ஒதுக்கீடு

இடங்களில் 69 விழுக்காடு ஒதுக்கீட்டின் கீழ் வருகிறது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முசுலிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. எஞ்சிய 31 விழுக்காடு பொதுப் போட்டிக்குரியது. இது முற்பட்ட வகுப்பினருக்கு மட்டும் உரியது என்பது தவறான புரிதலாகும். தரவரிசையில் முன்னிற்கும் எப்பிரிவு மாணவரும் பொதுப் போட்டி இடத்தைப் பெறலாம்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது.

விருப்பப் பட்டியல்

மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்தி இணையத்தில் பதிய வேண்டும். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொண்டு, அவரது பட்டியலில் மேலிருந்து கீழாகச் சென்று, அவ்வேளையில் காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்குகிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். முதலாவது, கிடைப்பதற்கு அரிய கல்லூரியை முதலில் எழுதுவதால் கீழே உள்ள விருப்பங்களுக்கு எவ்வித இழப்பும் நேராது. ஆகவே பட்டியல் கிடைக்கும் வாய்ப்பின்படி அன்றி, உண்மையான விருப்பத்தின்படி அமைய வேண்டும். இரண்டாவது, சேர விரும்பாத இடத்தைப் பட்டியலில் சேர்த்தால் அதுவே ஒதுக்கப்படலாம். மிகக் குறைந்த எண்ணிக்கையில் விருப்பங்களைப் பதிவோர் அச்சுற்றில் இடமே பெறாமல் போவதும் உண்டு.

தற்காலிக ஒதுக்கீடு கிடைத்தபின், குறித்த நாட்களுக்குள் அதனை ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு பட்டியலில் மேலுள்ள இடத்திற்குக் காத்திருக்கலாம், அல்லது மறுக்கலாம். உறுதி செய்யாமலோ கட்டணம் செலுத்தாமலோ நாள் கடந்தால் அவ்விடம் கைவிட்டுப் போகும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

- ஒரே மாதிரியான பெயருடைய கல்லூரிகள் பல உள்ளன. பெயரை மட்டும் நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபார்த்தல் வேண்டும்.
- முந்தைய ஆண்டுகளின் கடைசித் தரவரிசை மதிப்பெண் ஒரு வழிகாட்டியே. தேர்ச்சி நிலையைப் பொறுத்து அது ஆண்டுதோறும் மாறும். மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுவதே பொருத்தமானது.
- சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை வருவாய்த் துறையிடம் முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும்.
- குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருவோருக்கு 2010-11 முதல் கல்விக் கட்டணச் சலுகை வழங்கப்படுகிறது. இது கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கு மட்டுமே உரியது. நிருவாக ஒதுக்கீட்டில் முன்பணம் செலுத்திச் சேர்பவர் இச்சலுகையை இழப்பார். விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணங்கள் இதில் அடங்கா என்பதால் அவற்றையும் கல்லூரியிடம் கேட்டறிதல் நலம்.
- இணைய வசதி இல்லாதோர் மாவட்டங்களில் அமைக்கப்படும் உதவி மையங்களில் கட்டணமின்றிப் பதிவு செய்யவும் விருப்பங்களை நிரப்பவும் இயலும். கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுத்து விருப்பங்களை நிரப்பச் செய்தால், மாணவர் அறியாமலே பட்டியல் மாற்றப்பட இடமுண்டு.