பேசாத பிள்ளை, கேட்ட அம்மா

இன்னைக்கு மௌனத்தைப் பத்திப் பேசப் போறோம். பேசாம இருக்கறதைப் பத்தி மைக் வச்சுப் பேசறது கொஞ்சம் வேடிக்கைதான்.

அத்வைதத்துல இது பழைய சங்கதி. ஆதிசங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் ஒரு கதையை எடுத்துக்காட்டுகிறார். பாஷ்கலி என்பவர் பாத்வரிடம் பிரம்மத்தைப் பற்றிக் கேட்கிறார். பாத்வர் வாயே திறக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கவும், நான் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன், உனக்குத்தான் விளங்கலைங்கறார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எதிர்ல நிக்கறது பெத்த அம்மாவா இருந்தா?

மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பிய 16 வயது வேங்கடராமன், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். நாம் ரமண மகரிஷி என்று அறிந்தவர் இவர்தான். பேச மாட்டேன்னு சபதமெல்லாம் எடுக்கலை. பேசத் தோணலை, அவ்வளவுதான். 1898 டிசம்பரில் அம்மா அழகம்மாள் தேடி வந்தார். பவழக்குன்றில் நாள்கணக்கில் கெஞ்சினார், அழுதார். பிள்ளை அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் காகிதமும் பென்சிலும் கொடுத்து, எழுதியாவது பதில் சொல்லுங்கள் என்றார். எழுதினார். நடப்பது வினைப்படி நடக்கும், மௌனமாக இருப்பதே நல்லது என்பது அதன் சாரம். அம்மா பிள்ளை இல்லாமலே ஊர் திரும்பினார்.

இது கல்நெஞ்சம் இல்லையான்னு கேட்டா, எனக்கும் அந்த இடம் உறுத்தத்தான் செய்யுது.

அடுத்த காட்சியையும் பாருங்க. 1902 வாக்கில் தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸ்ல வருவாய்த் துறை ஊழியர் சிவப்பிரகாசம் பிள்ளை மலைக்கு வந்து, 'நான் யார்?' என்று கேட்கிறார். ரமணர் எழுதிக் காட்டியே பதில் சொல்கிறார். அதுதான் 1923-ல் 'நான் யார்?' புத்தகமாக வந்தது.

ரெண்டு பேருக்குமே பதில் கிடைச்சிருக்கு. அப்போ மௌனம்னா பதில் மறுக்கறது இல்லை. உடம்பு, மனசுன்னு எதைச் சொன்னாலும் அது நான் அறியற ஒரு பொருள். அறியறவன் அதுக்கு வெளியே நிக்கறான். அவனுக்கு ஒரு பேர் வச்சா அதுவும் இன்னொரு பொருள்தான். அதனால் வார்த்தை வாசல் வரைக்கும்தான் வரும்.

அழகம்மாள் 1916-ல் மகனோடவே தங்க வந்துவிட்டார். 1922 மே 19 அன்று, மகன் கைகள் தன் தலையிலும் நெஞ்சிலும் இருக்க, காலமானார். மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. திருவண்ணாமலை போனா, முதல்ல அம்மாவைப் பாருங்க.