நாய்ப் படமும் போலிக் குழலும்

"1900, எச்.எம்.வி." என்று ஏலப் பட்டியல்களில் வரும் பித்தளைக் குழல் கிராமபோன்களில் பல, பிற்காலத்தில் இந்தியாவில் ஒட்டுப்போட்டவை. பிரான்சிஸ் பரோவின் நாய் ஓவியத்தை கிராமபோன் கம்பெனி வாங்கியது 1899-இல். எச்.எம்.வி.யின் விரிவான 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' என்ற பெயர் இசைத்தட்டு லேபிளில் ஏறியதோ 1910-ஐ ஒட்டித்தான்.

போலியின் உள்ளே பெரும்பாலும் 1930களின் பெட்டி கிராமபோனின் மோட்டார் இருக்கும். வெளியே புதுப் பலகைப் பெட்டி, பளபளக்கும் மெல்லிய தகட்டுக் குழல், பின்புறம் ஒட்டுவாய் துருத்தும் வளைகுழாய். அசலில் குழலைத் தாங்குவது நேர்த்தியாக வார்த்த இரும்புத் தாங்கி. ஊசியையும் குழலையும் இணைக்கும் ஒலிக்கை, ஊசிப் பக்கம் மெலிந்து, குழலை நோக்கிப் படிப்படியாகப் பருக்கும். மினுக்கும் நாய்ச் சின்னம் எதையும் நிரூபிப்பதில்லை. ஒட்டுபடமாக அது எளிதில் கிடைக்கும்.

உருளை சுழலும் எடிசன் போனோகிராபையும் சிலர் கிராமபோன் என்றே எழுதுகிறார்கள். அது மோசடியல்ல, அறியாமை. கிராமபோன், எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை கேட்ட தட்டுக் கருவி.