தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி: எலும்பு மஜ்ஜைக் கொடையின் கதை



சில நாட்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில், ஒரு குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை தேவை என்ற செய்தி வந்தது. "எனக்கும் அதே ரத்த வகைதான் சார், நான் போகட்டுமா?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். நல்ல மனசு. ஆனால் மஜ்ஜைக்கு முதலில் பார்ப்பது ரத்த வகையை அல்ல. அங்கே பார்க்கும் பொருத்தம் வேறு. அதைக் கண்டறிந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

1950களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ், ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அவர்களுடைய ஒரே கரு இரட்டையரின் மஜ்ஜையைச் செலுத்தினார். மஜ்ஜை ஒட்டிக்கொண்டது, ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. இரட்டையர் அல்லாதவர்களிடம் வாங்கிச் செலுத்தியபோது பெரும்பாலும் தோல்விதான். காரணம், மஜ்ஜையிலிருந்துதான் நோய் எதிர்ப்பு அணுக்கள் பிறக்கின்றன. சிறுநீரகத்தை மாற்றினால் உடல் அதை வெளியார் என்று எதிர்க்கும். மஜ்ஜையிலோ வந்தவனே வீட்டுக்காரனை அடிப்பான். புதிய அணுக்கள் குழந்தையின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும்.

இதற்கான திறவுகோல் 1958இல் பாரிஸில் கிடைத்தது. வெள்ளையணுக்களிலும் வகைகள் உண்டு என்று ழான் டோசே காட்டினார். இன்று அதை எச்.எல்.ஏ. என்கிறோம். அந்த மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரே கொத்தாக இருக்கின்றன. தாயிடம் இரண்டு கொத்து, தகப்பனிடம் இரண்டு கொத்து. குழந்தைக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று. அதனால்தான் பெற்ற தாயும் பொதுவாகப் பாதிதான் பொருந்துவாள். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டு பேர் இருந்தால்? கரும்பலகைக் கணக்குதான்: பதினாறில் ஏழு, அதாவது பாதிக்கும் குறைவு.

1968இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் குட் குழுவிடம் ஐந்து மாத ஆண் குழந்தை வந்தது. பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இல்லை. அந்தக் குடும்பத்தில் பல ஆண் குழந்தைகள் இப்படியே தொற்று நோயில் போய்விட்டிருந்தார்கள். இவனுக்கு நான்கு அக்காமார். ஒருத்தியின் மஜ்ஜை ஏறக்குறையப் பொருந்தியது. இடையில் சிக்கல் வந்து மறுபடியும் மஜ்ஜை செலுத்த வேண்டியிருந்தது. ஆனாலும் பையன் பிழைத்து, வளர்ந்து ஆளானான். ரத்தம் உண்டாகும் இடமே மாறிவிட்டதால், அவனுடைய ரத்த வகையும் அக்காவின் வகையாக மாறியது. உங்கள் கேள்விக்கு அதுவே பதில்.

அக்கா தம்பி இல்லாத குழந்தைகள்? 1973இல் நியூயார்க்கில் ஒரு குழந்தைக்கு டென்மார்க்கில் இருந்த, எந்த உறவும் இல்லாத ஒருவரின் மஜ்ஜை பொருந்தியது. 1974இல் லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய், தன் மகன் ஆந்தனிக்காகக் கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். மகனுக்குப் பொருத்தம் கிடைக்கவே இல்லை. 1979இல் ஏழு வயதில் இறந்தான். அந்தப் பதிவேடு இன்றும் ஊரார் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. இப்போது உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1983இல் மும்பை டாடா மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தச் சிகிச்சை தொடங்கியது. தலசீமியாக் குழந்தைக்கு, அந்த மரபணுவில் ஒன்றை மட்டும் சுமக்கும் அண்ணனோ தங்கையோகூடப் பொருந்தினால் தரலாம். நம்மைப்போல மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் ஒரே கொத்து இரு வழியாகவும் வரக்கூடும். அதனால் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளிடமும் சிலசமயம் பொருத்தம் கிடைக்கும். அதே உறவுமுறைத் திருமணம்தான் இத்தகைய நோய்கள் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு விசித்திரம். ரத்தப் புற்றுநோயில் முழுப் பொருத்தமே எப்போதும் மேல் என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் வேறுபட்ட அணுக்கள், மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் தேடி அழிக்கின்றன. இரட்டையர் மஜ்ஜை பெற்றவர்களுக்கு நோய் அதிகம் திரும்புவதற்கு அதுதான் காரணம். இப்போது பாதி பொருந்தும் தாய் தந்தையிடமும் மஜ்ஜை எடுக்கிறார்கள். செலுத்திய மூன்றாம் நான்காம் நாளில் ஒரு மருந்து கொடுத்து, தாக்கும் அணுக்களை அடக்கும் முறையை பால்டிமோர் மருத்துவர்கள் வகுத்தார்கள். ஆனாலும் பொருந்தும் கொடையாளர் கிடைத்தால் அது பெரிய பலம்.

எச்.எல்.ஏ. வகைகள் பூர்விகத்தைப் பொறுத்தவை. நம் குழந்தைக்கு ஐரோப்பியரிடம் பொருத்தம் கிடைப்பது அரிது. நம்மவர் யாரிடமாவதுதான் இருக்கும். நம் மக்கள்தொகைக்குப் பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு. சென்னையில் 2009 முதல் தாத்ரி பதிவேடு இயங்குகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்தால் போதும். பொருத்தம் வந்தால், பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டுக் கையிலிருந்தே அணுக்களை எடுக்கிறார்கள்.

என் வயதுக்கு நான் தர முடியாது. இளையவர்கள் நீங்கள் தரலாம். ஒன்றை மட்டும் வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் பதியுங்கள். மாற்று மஜ்ஜை செலுத்துமுன் குழந்தையின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று நீங்கள் பின்வாங்கினால், அந்தப் பிள்ளைக்குத் திரும்பிப் போக வழி கிடையாது.