கொள்ளைநோய்க் காலத்தில் எட்டு ரீல்

1918-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஐரோப்பிய மகாயுத்தம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த தருணத்தில், அமெரிக்க நகரங்களின் படக்கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. பட்டாள முகாம்களிலும் துறைமுகங்களிலும் மூண்டு, ரயில் பாதை வழியே உள்நாடெங்கும் புகுந்துவிட்ட இன்ஃப்ளூயன்ஸா என்னும் விஷஜ்வரம், மனிதர் பத்துப் பேர் கூடும் இடம் எதையும் அபாய ஸ்தலமாக்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் கொட்டகைகள் ஏறத்தாழ ஏழு வாரம் மூடிக் கிடந்தன. சிகாகோவிலும் அக்டோபர் நடுவில் அதே உத்தரவு பிறந்தது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் அந்த இலையுதிர் காலத்தில் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். படத் தயாரிப்பாளர்களின் தேசிய சங்கம் கூடி, அக்டோபர் 14 முதல் நான்கு வாரங்களுக்குப் புதுப் படம் எதையும் வெளியிடுவதில்லை என்று தீர்மானித்தது. அதே மாதம் 19-ஆம் தேதி ஹெரால்டு லாக்வுட் என்ற பிரபல கதாநாயக நடிகர் நியூயார்க்கில் இந்த ஜ்வரத்துக்கே பலியானார். அந்த ஆண்டு நம் தேசத்தில் இதே நோய் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று என்பதை நினைக்கும்போது, அமெரிக்காவில் சினிமா நின்றதைப் பெரிய துக்கமாகச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆயினும் மனிதர்கள் தங்கள் தொழிலை எந்த நிலையில் கைவிட்டார்கள், எந்த நிலையில் கைவிட மறுத்தார்கள் என்பதும் சரித்திரத்தின் ஒரு பகுதியே.

பெரிய கம்பெனிகள் கையைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பருவத்தில்தான், கையில் கம்பெனி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லாத ஒரு கறுப்பின நாவலாசிரியர் தம் முதல் படத்துக்கான முயற்சியில் முனைந்திருந்தார். அவர் பெயர் ஆஸ்கர் மிஷோ.

மிஷோ 1884-இல், இல்லினாய் மாகாணத்தின் தென்கோடியில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட குடும்பமொன்றில் பிறந்தவர். வாலிபத்தில் புல்மன் ரயில் வண்டிகளில் பிரயாணிகளுக்குப் படுக்கை விரித்துப் பெட்டி தூக்கும் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 1905-வாக்கில் தென் டக்கோட்டாவின் புல்வெளிப் பிரதேசத்தில் நிலம் வாங்கி, வெள்ளையரே நிறைந்த அந்தச் சீமையில் ஏர் பிடித்தார். விவசாயம் சில காலம் கைகொடுத்தது. பிறகு மழை பொய்த்தது, கடன் ஏறியது, நிலம் போயிற்று, சிகாகோப் பாதிரியார் ஒருவரின் மகளோடு நடந்த விவாகமும் முறிந்தது. நிலத்தை இழந்தவர் அந்த இழப்பையே கதையாக எழுதலானார். 1913-இல் முதல் நூல், 1915-இல் இரண்டாவது, 1917-இல் ‘தி ஹோம்ஸ்டெடர்’ என்ற நாவல்.

இந்த நூல்களை அவர் விற்ற முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நோய்க்காலத்தில் அவரைத் தாங்கியது அந்த முறைதான் என்பது என் அபிப்பிராயம். பிரசுரகர்த்தரின் தயவை எதிர்பார்த்து அவர் காத்திருக்கவில்லை. அச்சகத்தாரோடு தாமே பேரம் பேசினார். அண்டை அயலாரிடம் முன்கூட்டியே ஆர்டர் பிடித்தார். புத்தகம் கைக்கு வந்ததும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் விற்றார். கறுப்பர்களின் தேவாலயம், பள்ளிக்கூடம், முடிதிருத்தும் கடை, தோட்டத்து வெள்ளைக்கார உழவரின் சமையற்கட்டு வாசல், எங்கும் ஏறி இறங்கினார். எவரிடம் எப்படிப் பேசினால் பணப்பை திறக்கும், எவர் வாக்குக் கொடுத்தால் தவறாமல் நிறைவேற்றுவார் என்ற மனிதஞானத்தை அந்த நடையில்தான் அவர் சம்பாதித்தார்.

1918-ஆம் ஆண்டு வசந்தத்தில் ‘தி ஹோம்ஸ்டெடர்’ நாவல் ஜார்ஜ் ஜான்சன் என்பவர் கண்ணில் பட்டது. ஜான்சன் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்துத் தபாலாபீசில் குமாஸ்தா. அவர் தமையனார் நோபிள் ஜான்சன் ஹாலிவுட்டில் நடிகர். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி என்ற பெயரில், கறுப்பர்களைக் கோமாளிகளாக அன்றிக் கௌரவமுள்ள மனிதர்களாகக் காட்டும் படங்களை எடுத்துவந்தார்கள். கதையை விலைக்குக் கேட்டார்கள். மிஷோ சம்மதித்தார், ஆனால் படப்பிடிப்பைத் தாமும் உடனிருந்து மேற்பார்வை செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். காமிராவைத் தொட்டுப் பழகாத ஓர் எழுத்தாளர் இப்படிக் கேட்டது ஜான்சன் சகோதரர்களுக்கு உசிதமாகப் படவில்லை. பேச்சு முறிந்தது. முறிந்த சில மாதங்களுக்குள் மிஷோ தம் புத்தகக் கம்பெனியையே மிஷோ ஃபிலிம் அண்ட் புக் கம்பெனி என்று விரித்து, தாமே படம் எடுப்பதாக அறிவித்துவிட்டார்.

மூலதனத்துக்கு அவர் போனது பாங்கிகளிடம் அல்ல. முன்பு புத்தகம் வாங்கிய உழவர்களிடம். ஐயோவா மாகாணத்துச் சூ சிட்டி நகரைச் சுற்றியிருந்த வெள்ளைக்கார விவசாயிகளிடம், பங்கு ஒன்று 75 டாலர் முதல் 100 டாலர் வரை என்று விற்று, ஏறக்குறைய 15,000 டாலர் திரட்டினார். யுத்தத்தால் கோதுமைக்கும் சோளத்துக்கும் ஏறியிருந்த விலையால் அந்தச் சம்சாரிகளின் கையில் அப்போது ரொக்கம் புழங்கியது. நகரத்துப் பெரிய கம்பெனிகளின் வருவாய், கொட்டகை அடைபட்ட அன்றே வற்றிப்போயிற்று. மிஷோவின் ஊற்றோ சோளக்காட்டில் இருந்தது. தவிரவும், தம்மை நேரில் அறிந்து பணம் கொடுத்தவர்களிடம் ‘நோய் வந்துவிட்டது, படம் இல்லை’ என்று சொல்லிவிட்டு அதே ஊரில் மறுபடி நடமாட முடியாது. அவருடைய தைரியத்தை எத்தனை புகழ்ந்தாலும் தகும். ஆனால் அந்தத் தைரியத்துக்கு அடியில் இப்படிப்பட்ட கடப்பாடு ஒன்று இருந்ததைக் காணாமல் புகழ்ந்தால், அவரை அரைகுறையாகவே அறிந்தவர்களாவோம்.

கதாநாயகிப் பாத்திரம் ஒன்றுக்கு அவர் தேர்ந்தெடுத்த எவலின் பிரியர், மிஸிஸிப்பியிலிருந்து தாயாரோடு சிகாகோவுக்கு வந்த இளம்பெண். மகளும் தாயும் தெரு முனைகளில் நின்று சமயப் பிரசங்கம் செய்து தேவாலயக் கட்டட நிதிக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்த வெளியில், இரைச்சலுக்கு நடுவே, வழிப்போக்கரை நிறுத்திவைத்துப் பேசப் பழகிய அந்தப் பெண், வசனமில்லாத மௌனப் படத்தில் முகத்தாலேயே பேசக் கற்றுக்கொண்டு, பிற்பாடு மிஷோவின் படங்கள் பலவற்றில் தலைமை நடிகையாக விளங்கினார்.

கதை பெரும்பாலும் மிஷோவின் சொந்த வரலாறுதான்: புல்வெளியில் நிலம் திருத்தும் கறுப்பின வாலிபன், வெள்ளைப் பெண் என்று நம்பப்படும் அயல்வீட்டுப் பெண்மீது பிறக்கும் காதல், இன தர்மத்தை எண்ணி அதைத் துறந்து செய்யும் விவாகம், அந்த விவாகத்தைக் கெடுக்கும் மாமனாரான பாதிரியார். இதை எட்டு ரீலில் எடுத்தார். ரீல் ஒன்றுக்கு ஆயிரம் அடி என்ற அக்காலக் கணக்கில், ஒரு கன்னிமுயற்சிக்கு இது சாமானிய நீளமல்ல. கறுப்பர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று சரித்திரக்காரர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

1919 பிப்ரவரி 5-ஆம் தேதி சாப்ளின், மேரி பிக்ஃபோர்டு, ஃபேர்பாங்க்ஸ், கிரிஃபித் ஆகிய திரைப் பிரபலங்கள் நால்வரும் பெரு முதலாளிகளின் பிடியிலிருந்து விலகி யுனைட்டெட் ஆர்டிஸ்ட்ஸ் ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். அந்தச் சுதந்திரத்தை உலகமே அறியும். அடுத்த பதினைந்தாம் நாள், பிப்ரவரி 20-ஆம் தேதி, சிகாகோவில் கறுப்பர்கள் வசித்த பகுதியின் எட்டாவது ரெஜிமெண்டு ஆயுதசாலை மண்டபத்தில் ‘தி ஹோம்ஸ்டெடர்’ திரையிடப்பட்டது. பிரான்ஸில் போரிட்ட அந்த ரெஜிமெண்டின் கறுப்பினச் சிப்பாய்கள் மூன்று நாள் முன்புதான் ஊர் திரும்பி, வீதிகளில் ஊர்வலம் வந்திருந்தார்கள். நோய் முற்றும் ஓயவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அதன் மூன்றாம் அலை வீசிக்கொண்டிருந்தது. அத்தகைய நாளில் ஜனங்களை ஒரு மண்டபத்தில் கூட்டியது சரியா என்று கேட்டால், அதை முழுமனதோடு சரியென்று சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால் தங்களைப் போன்ற ஒருவன் நிலம் உழுவதையும் காதலிப்பதையும் கலங்குவதையும் திரையில் அரிதாகவே கண்டிருந்த மக்கள் அந்த மண்டபத்துக்கு வந்தார்கள் என்பதை மறந்து தீர்ப்புச் சொல்வதும் நியாயமாகாது.

பாதிரியாரைக் குறைவாகச் சித்திரித்ததாகச் சில சமயகுருமார் ஆட்சேபித்தார்கள், தணிக்கையாளர் தயங்கினார்கள், நகரத்துக் கறுப்பின முக்கியஸ்தர்கள் பார்த்துச் சம்மதம் தெரிவித்த பிறகு வழி திறந்தது. மிஷோ அந்த ஆட்சேபத்தையே விளம்பரமாக்கினார். பிறகு புத்தகம் விற்ற அதே பாதையில் படச்சுருளோடு புறப்பட்டார். கொட்டகைக்காரர்களை நேரில் கண்டு, இந்தப் படத்தைக் காட்டி அடுத்த படத்துக்கு முன்பணம் வாங்குவது அவர் வழக்கமாயிற்று. இவ்விதமாக 1948 வரை ஏறக்குறைய நாற்பது படங்கள் எடுத்து, இடையிடையே மேலும் நான்கு நாவல்கள் எழுதி, 1951-இல் வட கரோலினாவில், சுற்றுப்பயணத்தின் நடுவே காலமானார்.

‘தி ஹோம்ஸ்டெடர்’ படத்தின் எட்டு ரீலில் ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன, மக்கிப்போவன. சிறு கம்பெனிகளுக்குப் பிரதிகளைப் பாதுகாக்கும் வசதியுமில்லை. 1920-இல் வெளிவந்த அவருடைய ‘விதின் அவர் கேட்ஸ்’ என்ற படம், ஸ்பெயின் நாட்டுக் காப்பகத்தில் வேறு பெயரில் கிடந்த ஒரே பிரதியால் பிழைத்தது. நாவல் மட்டும் மறுபதிப்பாகி நூலகங்களில் இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் நம் கொட்டகைகளும் அடைபட்டன. தமிழ்நாட்டில் நவம்பர் 10-ஆம் தேதிதான் திறந்தன. அந்த இடைவெளியில் மொட்டை மாடியிலும் ஒற்றை அறையிலும் கைப்பேசியால் குறும்படம் எடுத்தவர்களும், நாட்குறிப்பும் கதையும் எழுதியவர்களும் நம்மிடையே பலர். அவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: உங்கள் கோப்புகளைப் பழைய கைப்பேசியிலேயே விட்டுவிடாமல், தேதியும் ஊரும் பணிபுரிந்தோர் பெயரும் எழுதி, இரண்டு மூன்று இடங்களில் பிரதி வையுங்கள். நம் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் அவற்றைக் கேட்டு வாங்கிக் காப்பதற்கு இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்.