காலை எட்டு மணிச் சபை

சென்னை மியூசிக் அகாடமியின் கதையை மாலைக் கச்சேரிகளிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். எந்த வருடம் யார் பாடினார், அன்றைய தோடி எவ்வளவு நேரம் நீண்டது என்ற கணக்கெல்லாம் பழைய ரசிகர்களின் நாவிலேயே இருக்கிறது. நான் காலையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். மார்கழிப் பனி விலகாத வேளையில், அதன் ஆண்டு மாநாட்டின் காலை அமர்வுகளில், டிக்கெட் எதுவும் வாங்காமல், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். மேடையில் ஒருவர் ஏதோ ஒரு ராகத்தின் பழைய வடிவத்தைப் பாடிக் காட்டுவார். முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு மூத்த வித்வான் எழுந்து, எங்கள் குரு வழிப் பாடாந்தரத்தில் அப்படி இல்லையே என்பார். அங்கே சூடு பிடிக்கும். கேண்டீன் காப்பி வரைக்கும் அந்தப் பேச்சு தொடரும்.

அகாடமி பிறந்ததே இப்படிப் பேசுவதற்காகத்தான். 1927 டிசம்பரில் டாக்டர் அன்சாரி தலைமையில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. சைமன் கமிஷனைப் புறக்கணிப்பதா, முழுச் சுதந்திரத்தையே இலக்காகச் சொல்லிவிடுவதா என்று தேசம் விவாதித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அதை ஒட்டியே அகில இந்திய சங்கீத மாநாடும் நடந்தது. இசைக்கென்று ஒரு அகாடமி வேண்டும் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி, எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசாமி ஐயர் அகாடமியைத் தொடங்கி வைத்தார். முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ் மருத்துவர், பொதுவாழ்வில் ஊறியவர். பின்னாளில் சென்னை சட்ட மேலவையின் தலைவராகவும் இருந்தார். சட்டசபை நடத்தத் தெரிந்தவர்கள் நடத்திய சங்கீத சபை என்பதால், தீர்மானமும் திருத்தமும் நடவடிக்கைக் குறிப்பும் ஆரம்பத்திலிருந்தே அதன் பழக்கமாயின. 1930 முதல் வந்த ஆய்விதழைப் புரட்டினால், ராக லட்சணங்களைப் பற்றி வித்வான்களின் நிபுணர் குழு வாதாடியது பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. பாடிவிட்டுப் போனால் காற்றோடு போயிருக்கும் அறிவு அச்சில் நிற்கிறது. பிற்பாடு டாக்டர் வே. ராகவன் பல பத்தாண்டுகள் செயலாளராக இருந்து அந்த மரபைக் கட்டிக் காத்தார்.

அகாடமி வழங்கும் ‘சங்கீத கலாநிதி’ விருதின் வேரும் இந்தக் காலைப் பொழுதுதான். விருது பெறுபவரே அந்த ஆண்டு மாநாட்டுக்குத் தலைவர். காலை அமர்வுகளில் உட்கார்ந்து, எல்லோரும் பேசுவதைக் கேட்டு, தன் கருத்தையும் சொல்ல வேண்டும். பட்டமாக அது வழங்கப்படத் தொடங்கியது 1942-இல். அதற்கு முன் மாநாட்டுத் தலைமை வகித்தவர்களுக்கும் பின்னோக்கி அளிக்கப்பட்டது. முதலில் நாற்காலி, பிறகுதான் பட்டம்.

ஆனால் இந்த அவையில் பேசப்பட்டது இசை இலக்கணம் மட்டுமல்ல. ஊரில் எது கொதித்துக்கொண்டிருந்ததோ அது இங்கேயும் வந்து சேர்ந்தது. அதில் முதலாவதும் மிகக் கடினமானதும் சதிர்: கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்கள் ஆடிவந்த, பின்னாளில் பரதநாட்டியம் என்று பெயர் பெற்ற நடனம்.

1931 மார்ச் 15-ஆம் தேதி அகாடமி ஒரு சதிர்க் கச்சேரி வைத்தது. ஆடியவர்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் என்ற சகோதரிகள். ‘கல்யாணியின் புதல்விகள்’ என்றே அறியப்பட்டவர்கள். அன்றைக்கு வந்தவர்கள் சொற்பம். மரியாதைப்பட்ட குடும்பத்தினர் சதிர் பார்க்கப் போகலாமா என்பதே ஊரில் பெரிய கேள்வியாக இருந்த காலம். ஏற்பாட்டின் பின்னால் நின்றவர் ஈ. கிருஷ்ணய்யர். வக்கீல், சுதந்திரப் போராட்டக்காரர், தானே பெண் வேடமிட்டு மேடையில் சதிர் ஆடிக் காட்டியவர். 1932-இன் இறுதியில் அவருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் பத்திரிகைகளில் மூண்ட வாதம் நகரத்தையே இரண்டாகப் பிரித்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வாழ்நாளைக் கொடுத்தவர் முத்துலட்சுமி. அவருடைய தாயே அந்த வழக்கத்துக்கு ஆளான இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர் என்பதால், அதன் மேல் அவருக்கிருந்த கோபம் ஏட்டிலிருந்து வந்ததல்ல. கலையையும் அந்த வழக்கத்தையும் பிரித்துப் பார்க்க முடியும் என்றார் கிருஷ்ணய்யர். இருவரில் ஒருவரை வில்லனாக்கிக் கதை சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்தச் சர்ச்சைக்கு நடுவிலேயே, 1933 புத்தாண்டு நாளில், அகாடமி அதே சகோதரிகளை மறுபடி ஆட அழைத்தது. இந்தத் தடவை அரங்கு நிரம்பி வழிந்தது. பார்க்க வந்தவர்களில் ருக்மணி தேவியும் ஒருவர். மூன்றே ஆண்டுகளில் அவரும் மேடையேறினார், அவர் நிறுவிய கலாக்ஷேத்ராவும் தோன்றியது. பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டமும் வந்தது. கலை பிழைத்துக்கொண்டது; அதை நூற்றாண்டுகளாகச் சுமந்த குடும்பங்களில் பெரும்பாலானவை மேடையிலிருந்து ஒதுங்கிப்போயின. இது அகாடமியின் பெருமையோடு சேர்த்தே சொல்ல வேண்டிய விஷயம். அப்படிப்பட்ட குடும்பத்தில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி 1973-இல் சங்கீத கலாநிதியாக மாநாட்டு நாற்காலியில் அமர்ந்தது, அந்தக் குடும்பங்களுக்குப் பட்ட கடனில் திருப்பித் தரப்பட்ட ஒரு சிறு பகுதிதான்.

அடுத்த புயல் மொழி. 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் பெருக வேண்டும் என்றது. கல்கி எழுதினார், ராஜாஜி பேசினார், ரசிகமணி டி.கே.சி. ரசித்து ரசித்து வாதாடினார். அவ்வாண்டு டிசம்பரில் அகாடமி கூடி, சாஸ்திரிய இசையின் தரம்தான் முக்கியம், மொழியைக் காரணமாக்கி அதைக் குறைக்கக் கூடாது என்ற கருத்தில் தீர்மானம் போட்டது. தமிழ் வந்தால் தரம் எதற்குக் குறைய வேண்டும் என்று அன்று கேட்டவர்களின் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. பின்னர் ராஜா அண்ணாமலை மன்றமும், ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சியும் வந்தன. பட்டணத்துக்கு ஒரு சபை மட்டும் போதாது என்று ஆனதில் ரசிகனுக்கு நஷ்டமில்லை.

சொந்தக் கட்டடத்துக்கு 1955-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1962-இல் மைசூர் மகாராஜா திறந்து வைத்தார். அதுவரை இடம் மாறி மாறி நடந்த விழாவுக்கு நிரந்தரக் கூரை கிடைத்தது. கூரை கிடைத்த பிறகும் சில கதவுகள் மெதுவாகவே திறந்தன. 1966-இல் பாலக்காடு மணி ஐயர் வரும்வரை மிருதங்கத்துக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. பெண்களுக்கு 1968 வரை இல்லை, எம்.எஸ். சுப்புலட்சுமிதான் முதல் பெண், இரண்டு ஆண்டு கழித்து டி.கே. பட்டம்மாள். நாகசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் கடைசிவரை ஏறவே இல்லை. அது என்னை இன்றும் உறுத்துகிறது.

2017-இல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பூக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சேர்த்தது. 2020-இல் பெருந்தொற்று அரங்கைப் பூட்டியபோது விழா இணையவழி நடந்தது. 2024-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவைச் சங்கீத கலாநிதியாக அறிவித்ததும் மீண்டும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. சில கலைஞர்கள் விலகினார்கள், விருது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, வீட்டுக் கூடங்களில் அண்ணன் தம்பிகள் கட்சி கட்டினார்கள். 1932-ஐப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஊர் சண்டை போடுமளவுக்கு ஒரு சங்கீத சபை அதற்கு முக்கியமாக இருக்கிறது.

2028 ஆகஸ்டில் அகாடமிக்கு நூறு நிறைகிறது. அந்த ஆண்டுக் காலை அமர்வுகளில் ஒன்றைக் கல்யாணியின் புதல்விகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் ஆடிய உருப்படிகள், அவர்களுக்குப் பாடிய நட்டுவனார் குடும்பம், பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தேடி யாராவது பேசட்டும். 1931-இல் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடியவர்கள் அவர்கள். அன்றைக்கு நான் எட்டு மணிக்கு முன்பே போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவேன்.