குடவாயில் சிறையும் டாசியா மன்னனும்

ருமேனியா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டிராகுலா. விளையாட்டு ஆர்வம் உள்ளவர்கள் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முழு 10 மதிப்பெண் வாங்கிய நாடியா கொமனேச்சியைச் சொல்வார்கள். அந்த நாட்டு வரலாற்றில் அவர்களைவிடப் பழைய பெயர் ஒன்று உண்டு: டெசிபாலஸ். அவன் முடிவைக் கேட்டால் குடவாசல்காரர்களுக்கு வேறொரு மன்னன் ஞாபகம் வருவான்.

இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதி அன்று டாசியா. நடுவே வளைந்து கிடக்கும் கார்பேத்தியன் மலைகள், தெற்கே டான்யூப் ஆறு. காவிரியைப் போலவே டான்யூபும் கடலில் சேருமுன் கிளை பிரிந்து டெல்டா ஆகிறது. நம் பக்கம் நெல் வயல் என்றால் அங்கே கண்ணுக்கெட்டியவரை நாணல்!

டாசியாவின் மலைகளில் தங்கம் இருந்தது. ரோமப் பேரரசன் டிராஜன் 101-102, 105-106 ஆகிய ஆண்டுகளில் இருமுறை படையெடுத்தான். இடையில் டான்யூபின் மேல் ஒரு பெரிய பாலமே கட்டிவிட்டான். தலைநகர் சர்மிசெகெடூசா விழுந்தது. தப்பி ஓடிய டெசிபாலஸை ரோமக் குதிரைப்படை சுற்றி வளைத்தபோது அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். பிடிபட்டால் விலங்கு பூட்டி ரோம் நகர வீதிகளில் வெற்றி ஊர்வலத்தில் நடத்திச் செல்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

இப்போது குடவாசலுக்கு வருவோம். திருவாரூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூரின் பழைய பெயர் குடவாயில். சோழன் செங்கணானிடம் போரில் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயில் கோட்டத்துச் சிறையில் அடைக்கப்பட்டான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். காவலர்கள் உடனே தரவில்லை. அலட்சியமாகத் தாமதித்துக் கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கியவன், குடிக்காமல் ஒரு பாட்டைச் சொல்லி உயிர் விட்டான் என்கிறது புறநானூற்று 74-ஆம் பாடலின் பழங்குறிப்பு. இறந்து பிறந்த குழந்தையையும் வாளால் வெட்டிப் புதைக்கும் குடியில் பிறந்தவன், நாய் போலச் சங்கிலியில் கிடந்து நீர் கேட்கலாமா என்பதுதான் அப்பாட்டின் ஆதங்கம். புலவர் பொய்கையார் 'களவழி நாற்பது' பாடி அவனை மீட்டார் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பாட்டைப் படித்தவர்களுக்கு, அதைச் சொன்னவன் பிறகு விடுதலையாகி ஊர் திரும்பினான் என்று நம்புவது கஷ்டம்தான்.

சேர நாட்டுக்கும் ரோமுக்கும் பழக்கம் இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மிளகு வாங்க முசிறிக்கு ரோமக் கப்பல்கள் வந்தன. கரூரில் ரோமக் காசுகள் கிடைத்துள்ளன. இங்கே காசு கொடுத்து வாங்கிய ரோம், டாசியாவில் படையோடு போய் எடுத்துக்கொண்டது.

டெசிபாலஸ் பாட்டு எதையும் விட்டுச் செல்லவில்லை. 113-இல் ரோமில் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில், வென்றவர்களின் சிற்பிகள்தான் அவன் சாவைச் செதுக்கினார்கள். ருமேனியர்கள் அவன் முகத்தை டான்யூப் கரைப் பாறையில் மிகப் பெரிதாகச் செதுக்கி முடித்தது 2004-இல்தான். குடவாசலிலோ, செங்கணான் கட்டியதாகச் சொல்லப்படும் கோணேசுவரர் மாடக்கோயில் இன்றும் நிற்கிறது. தோற்ற சேரனுக்கு அங்கே கல்லில் எதுவும் வேண்டியிருக்கவில்லை; அவன் சொன்ன பாட்டு புறநானூற்றில் அவன் பெயரிலேயே இருக்கிறது.